ஜைனபும் பெயரறியாக் கட்டியும்

2022ஆம் ஆண்டு, அக்னி நட்சத்திர வெயில் தொடங்கியிருந்த சித்திரைக் கடைசியில்தான் ஜைனபை நான் முதன்முதலாகப் பார்த்தேன். வீரசோழனிலிருந்து அருப்புக்கோட்டை வந்து, அங்கிருந்து நகரப் பேருந்தில் பாளையம்பட்டியில் இறங்கி, என் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்திருந்தாள். அவளுடைய மாமியார் செய்யதம்மாளும் ஐந்து வயது மகள் அர்ஷியாவும் உடன் வந்திருந்தனர். நான் அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். மருத்துவரிடம் உடம்பைக் காட்டக் கூசும் பெண்கள் முதலில் என்னிடம் வருவதும், நான் சொல்லும் இடத்திற்குப் பிறகு போவதும் இந்தப் பக்கத்தில் வழக்கமாகியிருந்தன.

ஜைனபுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துவந்தாள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை செய்த பழக்கத்தால், ஊசி இல்லாத வேளையிலும் அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன. திறந்தால் வேறு ஆள்.

“வயித்துல ஒரு பொட்டலம் இருக்கு நர்சம்மா. நான் கட்டல. யாரு கட்டுனான்னும் தெரியல.”

“ஏ புள்ள, வெளையாட்டுப் பேச்சு பேசாம விவரத்தச் சொல்லு” என்று அதட்டினார் செய்யதம்மாள்.

“அழுதுக்கிட்டே சொன்னா மட்டும் சின்னதாயிருமா மாமி?”

உள்ளறைக்கு அழைத்துச் சென்று படுக்கவைத்தேன். தொப்புளுக்குக் கீழே, வலப்புறமாக, உரித்த தேங்காய் அளவில் புடைத்திருந்தது. கொழுப்புக்கட்டியாக இருந்தால் விரலுக்கு அடியில் வழுக்கி நகரும். சீழ்க்கட்டியாக இருந்தால் தொட்டவுடன் சுடும். இது நகரவும் இல்லை, சுடவும் இல்லை. வயிற்றுத் தசையோடு தசையாகப் பற்றிக்கொண்டு, கல்லைப் போல் கிடந்தது. மின்விசிறிக்கு அடியில் நின்றிருந்தும் எனக்கு வியர்த்தது. அதை அவள் கவனித்துவிட்டாள்.

கட்டியின் மேல் இரண்டு தழும்புகள் இருந்தன. ஒன்று அர்ஷியாவைப் பெற்றெடுத்த அறுவைச் சிகிச்சையின் தழும்பு. மற்றொன்று புதியது, இன்னும் சிவப்பு மாறாதது. அதைப் பற்றிக் கேட்டேன்.

முதலில் கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ தென்பட்டிருக்கிறது. மிஷின் பலகை இடித்து இடித்து வந்த வீக்கம் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறாள். கணவர் முகமது ஆசிக் குவைத்தில் ஓட்டுநர் வேலையில் இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் விடுப்பு. வீக்கமோ மாதத்திற்கு மாதம் வளர்ந்து, புடவையையும் மீறித் தெரியத் தொடங்கிற்று.

“நிக்காஹ் வீட்டுப் பந்தியில ஒருத்தி, ‘எத்தன மாசம்?’னு கேட்டா நர்சம்மா. எம் மாப்பிள்ள போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. வாயில வச்ச சோறு எனக்கு உள்ள எறங்கல.”

“கேட்டவளுக்கு நான் குடுத்த பதிலு, அவளுக்கு மவுத்து வரைக்கும் மறக்காது” என்றார் செய்யதம்மாள். “எம் மருமக யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா ஊரு வாய எத்தன நாளைக்கு நான் ஒருத்தி அடைக்கிறது?”

அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான், சிறிய ஊர் ஒன்றிலிருந்த தனியார் மருத்துவமனைக்கு அவசர அவசரமாகச் சென்றிருக்கிறார்கள். கொழுப்புக்கட்டி என்று சொல்லி, அன்றே அறுத்து எடுத்துவிட்டார்கள். வயிறு தட்டையாயிற்று, ஊரும் வாயை மூடிற்று. ஓர் ஆண்டு முடிவதற்குள் அதே இடத்தில், முன்னைப் போல் இருமடங்காகக் கட்டி திரும்பி வந்தது.

“மதுரைக்குப் போயிருவோம்மா” என்றேன்.

“மதுரைன்னா… அதுவா நர்சம்மா?”

அந்த நோயின் பெயரை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கூடத்தில் அர்ஷியா என் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

மறுவாரம் மதுரைக்குச் சென்றோம். காரியாபட்டி தாண்டும் வரையில் ஜைனப் எதையாவது பேசிக்கொண்டே வந்தாள். அதன்பிறகு பேச்சு நின்றுவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண், வயிற்றைப் பார்த்துவிட்டுச் சன்னலோர இருக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள். ஜைனப் மறுக்காமல் அமர்ந்து, துப்பட்டியை இழுத்து முழுவதும் மூடிக்கொண்டாள்.

அறுவைச் சிகிச்சை மருத்துவர் சுபத்ரா அதிகம் பேசாதவர். ஜைனபைப் படுக்கவைத்துக் கட்டியின் மேல் உள்ளங்கையைப் பதித்தார்.

“கையை ஊனாம, தலையை மட்டும் தூக்கும்மா.”

அவள் தலையைத் தூக்கினாள். வயிற்றுத் தசை இறுகியது. உள்ளே இருக்கும் கட்டியாயின், இறுகிய தசைக்குப் பின்னால் அது மறைந்திருக்கும். இது மறையவில்லை, கைக்கு அடியில் முன்னிலும் கெட்டியாக நின்றது.

“கர்ப்பப்பையில இல்ல, குடல்லயும் இல்ல. வயித்துச் சுவர்லயே இருக்கு” என்றார் மருத்துவர். “போன தடவை எடுத்தாங்களே, அதோட பயாப்சி ரிப்போர்ட்டைக் குடுங்க.”

வெட்டியெடுத்த சதையைச் சோதனைச் சாலையில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, அது இன்ன கட்டி என்று எழுதித் தருவார்களே, அதைத்தான் கேட்டார். ஜைனப் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். செய்யதம்மாள் தரையைப் பார்த்தார்.

“குப்பியில போட்டுத்தான் குடுத்தாக டாக்டரம்மா. மதுரையில கொண்டு போயிக் குடுக்கச் சொன்னாக. வீட்டுல கொண்டாந்து வச்சேன். எம் மருமக ஒடம்புச் சதை அது. யாரோ துண்டு துண்டா அரிஞ்சு பாத்துட்டு, குப்பையில வீசுவாகன்னு நெனச்சேன், மனசு கேக்கல. பன்னீர் விட்டு அலசி, வெள்ளத் துணியில சுத்தி, கொல்லையில மருதாணிச் செடிக்குக் கீழ அடக்கிட்டேன். நாங்க வெட்டுன நகத்தக்கூட மண்ணுலதான் போடுவோம். மரியாதையாச் செய்யணும்னுதான் செஞ்சேன்.”

ஜைனப் எழுந்து உட்கார்ந்தாள். “அது மதுரைக்குப் போகவே இல்லையா மாமி?”

செய்யதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு சேதியும் வரலையே, நல்லதாத்தான் வந்திருக்கும், கெட்டதுன்னா சொல்லியிருப்பாகன்னு நெனச்சேனே. ரெண்டு ரக்அத்து சேத்துத் தொழுதேனே மாமி.”

“தோண்டி எடுத்தாரேன் டாக்டரம்மா” என்றார் செய்யதம்மாள். “இடம் எனக்குத் தெரியும். இன்னைக்கே போயி எடுத்தாரேன்.”

மருத்துவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. “இனி அதுல பார்க்கிறதுக்கு ஒண்ணும் இருக்காதும்மா. அது கையில இருந்திருந்தா இது என்னன்னு இன்னைக்கே சொல்லியிருப்பேன். இப்ப முதல்லேர்ந்து தொடங்கணும்” என்று மட்டும் சொன்னார்.

தொடங்கும் வழியையும் விளக்கினார். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மரத்துப்போக மருந்து போட்டு, தடித்த ஊசி ஒன்றைச் செலுத்தி, நூல் போன்ற சதைத் துணுக்குகள் சிலவற்றை எடுத்தால் போதும். பெயர் தெரிந்த பிறகே மருத்துவம். பெயர் தெரியாமல் மீண்டும் அறுத்தால், முன்பு நடந்ததே நடக்கும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் கட்டியின் மேல் கத்தி பட்டால் அது உடம்பெல்லாம் பரவிவிடும் என்று நம்பாதவர் அரிது. அறுத்த இடத்திலேயே இருமடங்காக வளர்ந்த கட்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அந்த நம்பிக்கையை நான் எப்படி மறுப்பேன்? மருத்துவமனை வாசலில் நின்று குவைத்துக்குத் தொலைபேசியில் பேசினார்கள். ஆசிக்கின் குரல் எனக்கும் கேட்டது.

“ஊசியும் கத்திதான் ஜைனபு. ஒரு தடவ அறுத்ததுக்கே இம்புட்டாயிருச்சு. லீவு கேட்டிருக்கேன். நான் வார வரைக்கும் யாரையும் தொடவிடாத.”

அவள் என்னைப் பார்த்தாள். “வீட்டுக்குப் போறேன் நர்சம்மா” என்றாள். திரும்பிவிட்டோம்.

ஆடி பிறந்து, செம்மண்ணை வாரியிறைக்கும் காற்றும் தொடங்கியது. அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்கு உறக்கம் குறைந்தது. வயிற்றுச் சுவரில் இப்படிப் பற்றி வளரும் கட்டிகளில் ஒரு வகை, நுரையீரல் வரை சென்றுவிடும் என்பதை நான் அறிவேன். பணியில் இருந்த காலத்தில் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அவள் முகமும் ஜைனபின் முகமும் என் நினைவில் ஒன்றாகக் கலக்கத் தொடங்கியபோது, பேருந்து ஏறி வீரசோழனுக்கே போய்விட்டேன்.

மிஷின் ஓடும் சத்தம் தெருவிலேயே கேட்டது. ஜைனப் இளைத்திருந்தாள்; வயிறு மட்டும் முன்னைவிடப் பெரிதாயிருந்தது. மிஷினை ஒட்டி உட்கார முடியாமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, எட்டி எட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாயின் மேல் சிறுமியர் கவுன்கள் அடுக்கியிருந்தன. பூப்போட்டவை, கோடு போட்டவை, கழுத்தில் சரிகை வைத்தவை. அடியில் இருந்தது அர்ஷியாவின் அளவு. அடுக்கில் மேலே போகப் போக அளவு பெருகிக்கொண்டே போயிற்று.

“யாருக்கும்மா இத்தனை?”

“இவளுக்குத்தான்.” தலை நிமிராமலே சொன்னாள். “ஆறு வயசு, ஏழு வயசு, எட்டு வயசு, நோன்புப் பெருநாளைக்கு, ஹஜ்ஜுப் பெருநாளைக்குன்னு தச்சு வச்சிருக்கேன். கடையில எடுத்தா இவளுக்குக் கக்கத்துல அரிக்கும். மாமிக்கு அது தெரியாது.”

நான் மேலிருந்த கவுனை எடுத்து மடிப்பை நீவிவிட்டேன். என்ன பேசினாலும் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

“பத்து வயசுக்கு வெட்டுறப்பத்தான் கை நின்னுபோச்சு நர்சம்மா. அந்த வயசுல இவ ஒசரமா இருப்பாளா, குண்டா இருப்பாளா, ஒண்ணும் தெரியல. எது வரைக்கும் தைக்கணும்னாச்சும் யாராச்சும் சொன்னாத் தேவலையே?”

சமையற்கட்டு வாசலில் செய்யதம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் வந்து, மிஷினில் இருந்த துணியை மருமகளின் கையிலிருந்து மெல்ல உருவினார்.

“கெளம்பு. அந்த ஊசியக் குத்திக்கிட்டு வருவோம்.”

“அவுக வேணாம்னு சொல்லியிருக்காக மாமி.”

“அவன நான்தான் பெத்தேன், நான் பேசிக்கிறேன். மண்ணுல போட்டவளும் நான்தான். அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். நீ கெளம்புடி.”

மறுநாளே மதுரைக்குச் சென்றோம். ஊசி பாயும்போது விசை தெறிக்கும் ஒலி ஒன்று கேட்டது. ஜைனப் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடத்தில் அவளுடைய நகங்கள் பதிந்தன. “என்ன டாக்டரம்மா, ஸ்டேப்ளரா அடிக்கிறீக?” என்று கேட்டாள். அவள் உதடு மட்டுமே சிரித்தது. வெண்ணூல் துண்டுகளைப் போன்ற சதை, குப்பியின் நீரில் மிதந்தது. சோதனைச் சாலையின் வாசல் வரை அந்தக் குப்பியைத் தாமே கொண்டுபோவதாகச் செய்யதம்மாள் வற்புறுத்தினார். இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய், ஊழியர் வாங்கிக்கொண்ட பின்பும் அங்கேயே சற்று நேரம் நின்றார்.

விரைவில் முடிவு வரும் என்றார்கள். வரவில்லை. நுண்ணோக்கியில் தெரிந்தவை நூலிழைகளைப் போன்ற செல்கள் என்றும், இரு வேறு கட்டிகளில் அவை ஒன்றுபோலவே தோன்றும் என்றும் சுபத்ரா என்னிடம் தொலைபேசியில் சொன்னார். ஒன்று உடம்பெங்கும் பரவி உயிரை எடுக்கும் புற்று. மற்றொன்று இருக்கும் இடத்தைவிட்டு நகராதது. சிறப்புச் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். அதற்காகச் சதையை வேறொரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

இதை நான் தொலைபேசியில் ஜைனபிடம் சொன்னேன்.

“நர்சம்மா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. கெட்டதுன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு, எங்ககிட்ட மறைக்கச் சொல்லியிருக்காகளா?”

“இல்லம்மா. எனக்கும் தெரியாது.”

“உங்க குரலு அப்படி இல்லையே.”

உண்மையில் எனக்கும் தெரியாது. அவளுக்கு இருந்த அச்சம் எனக்கும் இருந்தது. என் குரலில் அவள் கேட்டது அதைத்தான். அந்த நாட்களில் அவள் மிஷினைத் தொடவில்லை. கைப்பேசி ஒலித்தால் எடுக்காமல் மாமியாரிடம் நீட்டினாள். செய்யதம்மாளோ அதில் பேச அஞ்சி, அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஆவணியில் அழைப்பு வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். நேரில் அழைப்பதே கெட்ட சேதிக்குத்தான் என்று வழிநெடுக ஜைனப் வாதிட்டாள். மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் உட்காரவும் மறுத்தாள்.

“புற்றுநோய் இல்லம்மா” என்றார் சுபத்ரா.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று இரு கைகளையும் ஏந்தினார் செய்யதம்மாள். ஜைனப் அசையவில்லை.

“அப்ப என்னது?”

“டெஸ்மாய்டுன்னு பேரு. தசைநார்ல முளைக்கிற கட்டி. ரொம்ப அபூர்வம், பல லட்சம் பேர்ல ஒருத்தருக்கு வரும். பெரும்பாலும் உன் வயசுப் பெண்களுக்கு. பிரசவமாகிச் சில வருஷத்துல, வயித்துத் தழும்பை ஒட்டி வரலாம்.”

“அந்த ஒருத்தி வீரசோழன்லதான் இருக்கணுமா டாக்டரம்மா?”

சுபத்ரா சிரித்தார். ஆனால் ஜைனபின் முகம் மாறவில்லை. “சரி, எப்ப எடுப்பீக?” என்றாள்.

“இப்ப எடுக்கப்போறதில்ல.”

அதுவரை கேட்டவற்றையெல்லாம்விட அந்த ஒரு வாக்கியமே அவளை அதிகம் அச்சுறுத்தியது. இந்தக் கட்டி ஓடிப் பரவாது. ஆனால் இருக்கும் இடத்தில் வேர் விடும். வெட்டினால், வெட்டிய இடத்திலேயே மூர்க்கமாகத் திரும்பி வரக்கூடும். சிலருக்குத் தானாகவே நின்றுவிடும். சிலருக்குச் சுருங்கவும் செய்யும். அதனால் குறித்த இடைவெளியில் ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வளர்ந்தால் மாத்திரை உண்டு. கர்ப்பமானால் கட்டி வளரக்கூடும் என்பதால் இப்போதைக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். ஜைனப் கேட்டுக்கொண்டாள்.

“இத வயித்துல வச்சுக்கிட்டே பொழங்கச் சொல்றீக.”

“ஆமாம்மா.”

“தூங்கும்போதும்.”

சுபத்ரா மெல்லத் தலையசைத்தார். சில குடும்பங்களில் இந்தக் கட்டி குடல் நோயோடு சேர்ந்து வருவதுண்டு என்று கூறி, அவளுடைய பெற்றோரைப் பற்றி விசாரித்தார். ஜைனபின் தாய் இளம் வயதிலேயே வயிற்று நோயால் இறந்தவர். என்ன நோய் என்று எவரும் பார்த்திருக்கவில்லை. குழாய் செலுத்திக் குடலைச் சோதித்தார்கள். குடல் சுத்தமாக இருந்தது. இது தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் வகையன்று, மகளைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை என்று சுபத்ரா உறுதியாகச் சொன்னார். ஜைனப் அதை இரண்டு முறை சொல்லக் கேட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும் நான் உடன் சென்றேன். முதல் படத்தில் கட்டி சற்று வளர்ந்திருந்தது. அடுத்ததில் வளர்ச்சி நின்றிருந்தது. அதற்கடுத்ததில் சற்றே சுருங்கியிருந்தது. சுருங்கியது என்று கேட்ட நாளிலும் அவள் மகிழ்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. “ஒளிஞ்சுக்கிருச்சு” என்றாள். விடுப்பில் வந்த ஆசிக் இனிப்பு வாங்கி வந்து என் கையில் கொடுத்தபோது, அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, துப்பட்டிக்குள் கைவிட்டு அந்த இடத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசும்போதும் சமைக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் அந்தக் கை அங்கே போய்விடும். அவள் அதை அறிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

2025ஆம் ஆண்டுத் தை மாதத்தில், மனைவியையும் மகளையும் தம்முடன் குவைத்துக்கு அழைத்துக்கொள்ள ஆசிக்குக்கு அனுமதி கிடைத்தது. அங்கும் படம் எடுக்க ஏற்பாடு செய்திருந்தார். கிளம்புவதற்கு முன் ஜைனப், மகளோடும் மாமியாரோடும் என் வீட்டுக்கு விடைபெற வந்தாள். செய்யதம்மாள் கூடத்தில் அமர்ந்து, “கப்பலு மாதிரி ஒரு வண்டி வச்சிருக்கானாம் எம் மகன், இவ அதுல ஏறுனா எறங்கமாட்டா” என்று கேலி பேசினார். ஜைனபும் பதிலுக்குப் பதில் பேசிச் சிரித்தாள். தேநீர் குடித்தார்கள். அங்கே இந்த மாதங்களில் குளிருமாமே, என்ன துணி எடுத்துப் போகிறாய் என்று நான் கேட்டேன்.

திடீரென அவள் எழுந்து, அர்ஷியாவின் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போனாள். என்னையும் கண்ணால் அழைத்தாள். கதவைச் சாத்தினாள். எட்டு வயதாகியிருந்த அந்தப் பெண்ணைக் கட்டிலில் படுக்கவைத்து, மேற்சட்டையைச் சற்றே உயர்த்தினாள். அர்ஷியா கூச்சம் தாளாமல் நெளிந்து நெளிந்து சிரித்தாள். ஜைனபின் உதடுகள் இறுக மூடியிருந்தன. டாக்டர்தான் சொல்லிவிட்டாரே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையை அசைத்துத் தடுத்தாள்.

“அவுக சொன்னது எனக்குத் தெரியும் நர்சம்மா. இருந்தாலும் ஒரே ஒரு தடவ, இவ வயித்தையும் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. அங்க போயிட்டா எனக்கு உங்க கை கெடைக்காது.”